படிவத்துக்கு அஞ்சும் பெரியவர்கள்

கற்றல் குறைபாடு என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுபவன் ஒரு பள்ளிச் சிறுவன். எழுத்துகளை இடம் மாற்றி எழுதுபவன், வாய்ப்பாட்டில் தடுமாறுபவன், மதிப்பெண் பட்டியலைப் பெற்றோரிடம் காட்ட அஞ்சுபவன். 2007-இல் வெளிவந்த 'தாரே ஜமீன் பர்' என்ற ஹிந்தித் திரைப்படம் அந்தச் சிறுவனை நாடெங்கும் அறிமுகப்படுத்தியது. அதன் பிறகு ஆசிரியர்களிடமும் பெற்றோர்களிடமும் ஓரளவு விழிப்புணர்வு ஏற்பட்டிருப்பதை மறுக்க இயலாது. ஆனால், அந்தச் சிறுவன் வளர்ந்து, முப்பத்தைந்து வயதில் வங்கியில் கடன் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது என்ன செய்கிறான் என்பதைப் பற்றி நாம் பேசுவதில்லை.

இந்தக் குறைபாடு வயதானால் மறைந்துவிடும் ஒன்றன்று. மனநல மருத்துவர்கள் பின்பற்றும் அமெரிக்கக் கையேடான 'டிஎஸ்எம்-5', பள்ளி வயதினரில் 5 முதல் 15 சதவீதத்தினருக்கு வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் இத்தகைய குறைபாடு இருப்பதாகவும், வயது வந்தோரில் ஏறத்தாழ 4 சதவீதம் இருக்கலாம் என்றும் கூறுகிறது. நூறு பேர் பணிபுரியும் அலுவலகத்தில் நான்கு பேர். அவர்களுள் பெரும்பாலோருக்குத் தங்கள் இடர்ப்பாட்டுக்கு ஒரு பெயர் உண்டு என்பதே தெரியாது. 'எனக்குப் படிப்பு ஏறவில்லை' என்ற ஒற்றை வாக்கியத்தில் தங்கள் பள்ளிக் காலத்தை முடித்துக் கொண்டவர்கள் அவர்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். கற்றல் குறைபாடு வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. பிரிட்டனில் இதே ஆங்கிலச் சொல்லை அறிவுசார் குறைபாட்டைக் குறிக்கப் பயன்படுத்துவதால், இணையத்தில் தேடிப் படிப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகின்றனர். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டைத் தனிப் பெயருடன் குறிப்பிடுகிறது. பேச்சு அல்லது எழுத்து வடிவிலான மொழியைக் கையாள்வதில் ஏற்படும் குறைபாடு, அதன் விளைவாகப் புரிந்துகொள்ளவோ, படிக்கவோ, எழுதவோ, கணக்கிடவோ ஏற்படும் இடர்ப்பாடு என்று அச்சட்டம் இதனை வரையறுக்கிறது. வாசிப்பைப் பாதிக்கும் டிஸ்லெக்ஸியா, எழுத்தைப் பாதிக்கும் டிஸ்கிராஃபியா, எண்களைப் பாதிக்கும் டிஸ்கால்குலியா ஆகியவை இதில் அடங்கும். சிந்திக்கும் ஆற்றலுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை.

தமிழ் படிப்பவருக்கு இந்த இடர்ப்பாடு எவ்வாறு வெளிப்படுகிறது என்பது சற்று விரிவாகப் பார்க்க வேண்டிய செய்தி. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு தாறுமாறானது. ஆகவே அங்கு இக்குறைபாடு பிழையான வாசிப்பாக உடனே தெரிந்துவிடுகிறது. இத்தாலிய மொழியைப் போல எழுதியபடியே ஒலிக்கும் மொழிகளில் பிழைகள் குறைவு. வாசிப்பின் வேகம்தான் குறைகிறது. 2001-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலி ஆகிய மூன்று மொழிகளைப் பேசும் டிஸ்லெக்ஸியா உடையவர்களின் மூளைச் செயல்பாடு ஒரே மாதிரியாக இருப்பதையும், வாசிப்புத் திறனில் மட்டும் மொழிக்கேற்ப வேறுபாடு இருப்பதையும் காட்டியது.

தமிழ், இத்தாலியின் பக்கம் நிற்கும் மொழி என்றாலும், அதற்கெனச் சில பொறிகள் உண்டு. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது; ஆனால், ஒலியில் ககரம்தான் முதலில் வருகிறது. 'கொ' என்பதில் ஓர் உயிரொலியின் குறி, மெய்யின் இரு புறமும் பிரிந்து நிற்கிறது. 'கௌ' என்பதன் இறுதிக் குறி ளகரமாகவே தோன்றுகிறது. ல, ழ, ள. ண, ந, ன. ர, ற ஆகியவற்றைப் பலர் பேச்சில் வேறுபடுத்துவதே இல்லை என்பதால் காதை நம்பி எழுத இயலாது. இவை அனைத்துக்கும் மேலாக, நாம் பேசும் தமிழ் ஒன்று, எழுதும் தமிழ் மற்றொன்று. சாதாரண வாசகர் பத்து வயதில் தாண்டிவிடும் இந்தத் தடைகளை, இக்குறைபாடு உடையவர் ஒவ்வொரு பக்கத்திலும் புதிதாகத் தாண்ட வேண்டியுள்ளது. அவர் படிக்கத் தெரியாதவர் அல்லர். ஒரு பக்கத்தைப் படித்து முடிக்கும்போது களைத்துப் போகிறவர். இந்தக் களைப்பு வெளியே தெரிவதில்லை.

எண்களிலும் இத்தகைய நுட்பம் ஒன்று உண்டு. தமிழில் 90 என்பதற்கான சொல்லில் நூறு ஒலிக்கிறது. 900 என்பதற்கான சொல்லில் ஆயிரம் ஒலிக்கிறது. 'தொண்ணூறு', 'தொள்ளாயிரம்' என்று காதில் விழும் தொகையை உடனே இலக்கமாக மாற்ற வேண்டிய ஒரு கடைக்காரருக்கு, அதுவும் டிஸ்கால்குலியா இருந்தால், இது எவ்வளவு பெரிய தொல்லை என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் எனக்கு இங்கு அமர்த்தியா சென் நினைவுக்கு வருகிறார். குறைபாடு உடையவர் இரண்டு வகையில் இழப்புக்கு உள்ளாகிறார் என்று அவர் 'தி ஐடியா ஆஃப் ஜஸ்டிஸ்' (2009) நூலில் விளக்குகிறார். ஒன்று, ஈட்டும் வருமானம் குறைவது. மற்றொன்று, ஈட்டிய வருமானத்தையே வாழ்க்கை வசதியாக மாற்றிக்கொள்வதற்குப் பிறரைவிட அதிகம் செலவிட வேண்டியிருப்பது. உடற்குறைபாட்டை மனத்தில் கொண்டே நாம் இதைப் படித்திருக்கிறோம். ஆனால், கற்றல் குறைபாட்டுக்கும் இது முற்றிலும் பொருந்தும். படிவம் நிரப்பித் தருபவருக்குக் கொடுக்கும் பணம், கெடு தேதியைத் தவறாகப் படித்ததால் கட்டிய அபராதம், தவறான கணக்கு எண்ணுக்கு அனுப்பிய தொகை, இரவு 12.10 மணி ரயிலுக்கு ஒரு நாள் தாமதமாகச் சென்று இழந்த பயணக் கட்டணம் ஆகிய எதுவும் எந்தக் கணக்கெடுப்பிலும் இடம்பெறுவதில்லை. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, வேண்டாம் என்று மறுக்கப்பட்ட பதவி உயர்வு. களப்பணியில் சிறந்து விளங்கும் ஒருவர், மேற்பார்வையாளர் ஆனால் அறிக்கை எழுத வேண்டியிருக்கும் என்பதற்காகவே அதைத் தவிர்க்கிறார். 'பொறுப்பு வேண்டாம், நிம்மதி போதும்' என்று அவர் சொல்லும் காரணத்தை நாமும் நம்பிவிடுகிறோம்.

இப்படிப்பட்ட பெரியவர்கள் அன்றாடம் கையாளும் உத்திகளை இரண்டாகப் பிரிக்கலாம்: மறைக்கும் உத்திகள், சமாளிக்கும் உத்திகள்.

மறைக்கும் உத்திகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், அடையாளம் கண்டதில்லை. 'கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன், நீங்களே நிரப்பிவிடுங்கள்' என்பது அவற்றுள் மிகப் பழையது. உணவகத்தில் பட்டியலைத் திறக்காமலேயே பக்கத்து மேசைக்காரர் உண்பதைச் சுட்டிக்காட்டிக் கேட்பது, கூட்டத்தில் சுற்றறிக்கையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லும் நேரத்தில் கைப்பேசியுடன் வெளியே செல்வது, கையெழுத்துப் புரியாதபடி கிறுக்கி எழுத்துப் பிழையை மறைப்பது ஆகியவையும் இவ்வகையே. இவற்றைக் குறை கூறுவதற்கில்லை. அவமானத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள ஒருவர் சிறு வயதிலேயே கற்றுக்கொண்ட தற்காப்பு இது. ஆனால், இதற்கு விலை உண்டு. ஏடிஎம் இயந்திரத்தின் திரையைப் படிக்கத் தயங்கி, அட்டையையும் ரகசிய எண்ணையும் அருகில் நிற்கும் அந்நியரிடம் கொடுப்பவர் பணத்தை இழக்கிறார். ஒப்பந்தத்தைப் படிக்காமலேயே தலையாட்டிக் கையெழுத்திடுபவர், நண்பரின் கடனுக்குத் தான் ஜாமீன்தாரர் ஆகிவிட்டதை அறிவிக்கை வந்த பிறகே அறிகிறார்.

சமாளிக்கும் உத்திகள் வேறு வகை. அவை குறைபாட்டை ஒப்புக்கொண்டு, அதைச் சுற்றி ஒரு பாதை அமைப்பவை. பெரும்பாலும் அவற்றுக்குச் செலவு இல்லை.

பணத்திலிருந்து தொடங்கலாம். நீண்ட எண்களை ஒரே மூச்சில் படிக்கக் கூடாது. ஆதார் எண் நான்கு நான்கு இலக்கங்களாகப் பிரித்து அச்சிடப்பட்டிருப்பதில் ஒரு நன்மை உண்டு. நினைவாற்றலால் சிறு சிறு கட்டுகளை எளிதாகத் தூக்க முடியும். வங்கிக் கணக்கு எண்ணையும் அவ்வாறே பிரித்து எழுதி வைத்துக்கொள்ளலாம். ஐஎஃப்எஸ்சி குறியீட்டின் 11 இடங்களில் முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள் என்பதையும், ஐந்தாவது எப்போதும் சுழியம் என்பதையும் அறிந்திருந்தால் அங்கு 'ஓ' என்ற எழுத்தா, சுழியமா என்ற ஐயம் எழாது. புதிய கணக்குக்குப் பெரும் தொகை அனுப்பும் முன் ஒரு ரூபாய் அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று எதிர்முனையில் கேட்டுவிட்டு மீதியை அனுப்புவது மிகச் சிறந்த காப்பு. தொகையை இலக்கத்தில் எழுதியவுடன் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதும் உதவும். கண் தவறவிட்ட சுழியத்தைக் காது பிடித்துவிடும்.

யுபிஐ முறை இவர்களுக்கு எதிர்பாராத கொடையாக அமைந்தது. எண்களை எழுத வேண்டியதில்லை. கட்டத்தைப் படம் பிடித்தால் பெறுபவரின் பெயர் திரையில் வருகிறது. சில்லறை எண்ணித் தர வேண்டிய பதற்றமும் இல்லை. கடைகளில் வைக்கப்பட்டுள்ள சிறு ஒலிபெருக்கி, வந்த தொகையை உரக்கச் சொல்கிறது. மோசடியைத் தடுப்பதற்காக வந்த கருவிதான் அது. ஆனால், எண்களோடு போராடும் கடைக்காரருக்கு அது கணக்குப்பிள்ளையாகவே ஆகிவிட்டது.

வாசிப்புக்கு இன்று கைப்பேசியே பெரும் துணை. அச்சிட்ட தமிழ்ப் பக்கத்தைப் படம் எடுத்தால் அதை உரக்கப் படித்துக் காட்டும் செயலிகள் உள்ளன. ஒரு பத்தியைக் காதால் கேட்டுக்கொண்டே கண்ணால் தொடர்வது, கண்ணால் மட்டும் படிப்பதைவிடக் களைப்பைக் குறைக்கும். எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியைக் கூட்டினால் டிஸ்லெக்ஸியா உடைய குழந்தைகள் கூடுதல் வேகத்துடனும் குறைந்த பிழைகளுடனும் படிக்கிறார்கள் என்பதை இத்தாலி, பிரான்ஸ் நாட்டுக் குழந்தைகளிடம் நடத்தப்பட்ட, 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. பெரியவர்களும் இதைத் தங்கள் திரையில் சோதித்துப் பார்க்கலாம். வரிக்கு அடியில் அளவுகோலை வைத்துப் படிப்பதைச் சிறுபிள்ளைத்தனம் என்று எண்ணி வெட்கப்பட வேண்டியதில்லை. கணக்குத் தணிக்கையாளர்களே அப்படித்தான் பேரேட்டைப் படிக்கிறார்கள்.

எழுதுவதற்குக் குரல்வழித் தட்டச்சு உள்ளது. 2017 முதல் கூகுள் விசைப்பலகையில் தமிழுக்கும் இந்த வசதி கிடைக்கிறது. ஆனால், இங்கு நம் இரட்டை வழக்கு குறுக்கே நிற்கிறது. பேசுவது போலவே பேசினால் கொச்சைத் தமிழில் விண்ணப்பம் உருவாகும். ஆகவே, செய்தி வாசிப்பவரைப் போல எழுத்துத் தமிழில் மெதுவாகச் சொல்லிப் பழக வேண்டும். அடிக்கடி எழுத வேண்டிய விடுப்பு விண்ணப்பம், பெறுதல் கடிதம், வாராந்திர அறிக்கை ஆகியவற்றுக்கு நன்றாக எழுதப்பட்ட ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு தேதியையும் விவரத்தையும் மட்டும் மாற்றுவது அறிவுடைமை. எழுதி முடித்ததைக் கைப்பேசியைப் படிக்கச் சொல்லிக் கேட்டால், விடுபட்ட சொல் உடனே உறுத்தும். தேதிகளில் மாதத்தை எண்ணாக எழுதாமல் பெயராக எழுதினால் பாதிக் குழப்பம் தீரும். நள்ளிரவு கடந்து புறப்படும் ரயிலுக்குப் பயணச்சீட்டு எடுத்தால், நாட்காட்டியில் முந்தைய நாள் இரவைச் சிவப்பு மையால் வட்டமிடுவது நல்லது. இது நம் எல்லோருக்குமே பொருந்தும்.

தொழிலதிபர் ரிச்சர்ட் பிரான்சன் தமக்கு டிஸ்லெக்ஸியா உண்டு என்பதை வெளிப்படையாகக் கூறி வருபவர். மொத்த லாபத்துக்கும் நிகர லாபத்துக்கும் உள்ள வேறுபாடு ஐம்பது வயது வரை தமக்கு விளங்கவில்லை என்றும், நிறுவனக் கூட்டம் ஒன்றில் உடனிருந்தவர் கடலும் வலையும் மீனும் வரைந்து விளக்கிய பிறகே புரிந்தது என்றும் அவர் கூறியிருக்கிறார். வலைக்குள் உள்ள மீன் நிகர லாபம், அவ்வளவுதான். இந்த நிகழ்ச்சியைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்றவர்கள் அறிவார்கள். சூத்திரத்தில் விழித்த மாணவர், அதையே வரைபடமாகக் காட்டினால் ஆசிரியரை முந்திக்கொண்டு விடை சொல்வார்.

ஆனால், இத்தகைய வெற்றிக் கதைகளை அளவோடு கொள்ள வேண்டும். டிஸ்லெக்ஸியா ஒரு வரம், அது இருந்தால் தொழில் முனைவோர் ஆகலாம் என்றெல்லாம் இப்போது பேசப்படுகிறது. பிரான்சனுக்குக் கணக்கர்களை அமர்த்திக்கொள்ளப் பணம் இருந்தது. மாதம் 15,000 ரூபாய் ஊதியம் பெறும் ஒருவருக்கு அது இல்லை. இதைவிட எனக்குப் பொருளுள்ளதாகத் தோன்றுவது, 2009-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கேரல் கிரைடரின் அனுபவம். டிஸ்லெக்ஸியா உடைய அவர், எழுத்துக்கூட்ட இயலாத சொற்களை மனப்பாடம் செய்தே கல்லூரியைக் கடந்தார். ஆராய்ச்சிப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு மதிப்பெண் குறைவாக இருந்ததால், விண்ணப்பித்த 13 பல்கலைக்கழகங்களில் இரண்டு மட்டுமே அவருக்கு இடமளித்தன. கல்வித் தகுதி என்பது திறமையை முதலாளிக்கு அறிவிக்கும் ஒரு சமிக்ஞை என்று பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் விளக்கினார். சமிக்ஞையே பழுதாக இருந்தால் சந்தை தவறான விலையைத்தான் சொல்லும். கிரைடருக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் வேறு விதமாகப் பார்த்தன. பலருக்கு அந்த இரண்டும் கிடைப்பதில்லை.

அலுவலகத்தில் இதைச் சொல்லலாமா, கூடாதா என்பது கடினமான கேள்வி. எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்பதே என் கருத்து. குறைபாட்டின் பெயரைச் சொல்லாமலேயே தேவையைச் சொல்லலாம். 'நீண்ட குறிப்பாக அனுப்புவதைவிடக் குரல் பதிவாக அனுப்பினால் விரைவாகச் செய்துவிடுவேன்', 'கூட்டத்துக்கான தாள்களை முந்தைய நாளே கொடுங்கள்' என்பவை எவரும் கேட்கக்கூடியவை. அதற்கு மேல் தேவைப்பட்டால் சட்டம் துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரசு நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிப் பணியாளருக்கு நியாயமான தகவமைப்பைச் செய்து தர வேண்டும். அதாவது, நிறுவனத்தின் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாத, தேவையான மாற்றங்கள். தனியார் உள்ளிட்ட எல்லா நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்றும் அது கூறுகிறது.

தேர்வர்களைப் பொறுத்தவரை 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு முக்கியமானது. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் பாதிப்பு உடைய ஒருவருக்குக் குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவரின் உதவி மறுக்கப்பட்டது. 40 சதவீதக் குறைபாடு என்ற வரம்பு இடஒதுக்கீட்டுக்கு உரியது. நியாயமான தகவமைப்பை மறுக்க அந்த வரம்பைக் காரணமாகக் காட்டக் கூடாது என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதனைத் தொடர்ந்து, 40 சதவீதத்துக்குக் குறைவான குறைபாட்டுடன் எழுதுவதில் இடர்ப்பாடு உள்ளவர்களுக்கும் எழுத்துத் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரம் உள்ளிட்ட வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய அரசு 2022 ஆகஸ்டில் வெளியிட்டது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்திருந்தும், நாற்பது வயதுக்காரர் சான்றிதழ் பெறுவது எளிதன்று. நம் நாட்டில் பயன்பாட்டில் உள்ள மதிப்பீட்டுக் கருவிகள் பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகளுக்காக வடிவமைக்கப்பட்டவை. 2016-க்கு முன் பள்ளிப் படிப்பை முடித்தவர்களுள் பெரும்பாலோரைச் சோதித்துப் பார்க்க எவரும் முன்வரவில்லை. வயது வந்தோருக்கென, குறிப்பாகத் தமிழில், தரப்படுத்தப்பட்ட சோதனைகளை உருவாக்குவதும், மாவட்ட அரசு மருத்துவமனைகளில் அவற்றுக்குப் பயிற்சி பெற்ற உளவியலாளரை அமர்த்துவதும் அரசின் கடமை. இந்த இடைவெளியில்தான் வணிகம் நுழைகிறது. வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி என்று பல தீர்வுகள் விற்கப்படுகின்றன. இவற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009-லேயே கூட்டாக அறிவித்துவிட்டன.

சான்றிதழ் ஏதும் இல்லாதவரும் இன்றே பயன்படுத்தக்கூடிய ஓர் உரிமை வங்கிக் கடனில் உள்ளது. ரிசர்வ் வங்கியின் உத்தரவின்படி, 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்கும் சிறு தொழில் கடன்களுக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கடன் வாங்குபவருக்கு முன்கூட்டியே தர வேண்டும். அது அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அதன் உள்ளடக்கத்தை அவருக்கு விளக்கிச் சொல்லவும் வேண்டும். ஒரு வாரம் அல்லது அதற்கு மேற்பட்ட தவணைக் காலம் கொண்ட கடன் என்றால், அந்த நிபந்தனைகளை ஏற்பதற்குக் குறைந்தது மூன்று வேலை நாள்கள் அவகாசம் உண்டு. வட்டியையும் கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு விகிதமும் அதில் இருக்கும். அந்த ஓர் எண்ணைப் பார்த்தால் போதும்.

அந்த எண் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு லட்சம் ரூபாய்க் கடனுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் நிலையான வட்டி என்று சொல்லி, 12,000 ரூபாயைச் சேர்த்து, 12 மாதத் தவணையாக வசூலித்தால், உண்மையான ஆண்டு வட்டி ஏறத்தாழ 21.5 சதவீதம். மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வந்தாலும், வட்டி முழு அசலுக்கே வாங்கப்படுவதுதான் காரணம். எண்களில் தடுமாற்றம் இல்லாதவர்களுள் எத்தனை பேர் இதை வங்கியில் நின்றபடியே கண்டுபிடிப்பார்கள்?

ஆகவே, 'இதை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துவிட்டு நாளை மறுநாள் வருகிறேன்' என்று சொல்லலாம். வீட்டில் மனைவியோ மகளோ நம்பிக்கையான நண்பரோ அதை வாய்விட்டுப் படிக்க, கேட்டுக்கொண்டே ஐயங்களைக் குறித்துக்கொள்ளலாம். மூன்று நாள்களுக்குள் முடிவு சொன்னால் போதுமானது. அதுவரை அந்த நிபந்தனைகளைக் கடன் கொடுப்பவர் மாற்ற இயலாது.